முதல் பாட்டு எது?
மின்சாரக் கிதாரும் டிரம்மும் கற்பவர்கள் தடுமாறும் இடம்

மின்சாரக் கிதார் வாங்குவது பெரிய காரியமல்ல. கையில் பணம் இருந்தால் போதும். டிரம் வாங்குவதும் அப்படித்தான். வாங்கி வந்த மறுநாள் காலையில்தான் வில்லங்கம் ஆரம்பமாகிறது. எந்தப் பாட்டை வாசிப்பது?

இந்தக் கேள்விக்குத் தப்பான விடை கண்டவர்களின் கிதார்கள் பரண்மேல் தூங்குகின்றன. டிரம் பெரியது, பரணில் ஏறாது. அது கூடத்து மூலையில் துணி காயப் போடும் கொடியாக மாறிவிடுகிறது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே மதுரை - கொல்லம் சாலையில் சுமார் 12 கிலோ மீட்டர். ஒன்று மில் ஊர். மற்றொன்று கோவில் ஊர். ராஜபாளையத்தில் 1936-ம் ஆண்டில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கினார். பிறகு ஆலைகள் பெருகின. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ எல்லாம் ஆண்டாள்தான். ஆடிப்பூரத் தேர் அன்று ஊரே தெருவில் நிற்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்று. திருவிழா என்றால் மேடை உண்டு. மேடை என்றால் மெல்லிசை உண்டு. மெல்லிசை என்றால் கிதாரும் டிரம்மும் இல்லாமல் நடக்குமா?

மேடைக்குக் கீழே நிற்கும் பையனுக்கு ஆசை வந்துவிடுகிறது. மில்லுக்குப் போகும் அண்ணன் போனஸ் பணத்தில் கிதார் வாங்கிக் கொடுக்கிறான். மூன்று மாதம் போகிறது. விரல் நுனி காய்த்ததுதான் மிச்சம். ஒரு பாட்டும் உருப்படியாக வரவில்லை. "எங்கே, ஒண்ணு வாசி பார்ப்போம்" என்று அண்ணன் கேட்டுவிடுவானோ என்று தம்பி பயப்படுகிறான். அண்ணன் கேட்பதில்லை. அதுதான் அதைவிடக் கஷ்டம்.

இதில் பையனின் கையில் குற்றம் இல்லை. அவன் எடுத்த பாட்டில்தான் குற்றம்.

ஆசைப் பாட்டு

அவன் எடுத்த பாட்டு எது என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. கிதார் எடுத்த தமிழ்ப் பையன்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் தேடுவது "இளைய நிலா". 1982-ல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படத்தின் பாட்டு. அடுத்தது 1980-ல் வந்த "மூடுபனி" படத்தின் "என் இனிய பொன் நிலாவே". இரண்டும் இளையராஜாவின் இசை. இரண்டிலும் கிதார் பேசுகிறது.

ஆனால் அந்தக் கிதாரை வாசித்தவர் யார்? ஆர். சந்திரசேகர். இசைக்குழுவில் ஊறித் திளைத்த கை. இசையமைத்தவரோ தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டு, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய கோபுரத்தின் உச்சியில், கிதார் வாங்கி மூன்று வாரமான பையன் நேராகப் போய் நிற்கப் பார்த்தால் என்ன ஆகும்?

சங்கீதம் கற்கும் குழந்தைக்கு இந்தத் தொல்லை இல்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று படிக்கட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். புரந்தரதாசர் வகுத்த வழி என்பார்கள். தொடக்க வரிசைகளுக்கு ராகமும் ஒன்றே: மாயாமாளவகௌளை. குழந்தை எந்தப் பாட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். பாட்டே வரிசையில் வந்து நிற்கும். தவில் கற்கும் பையனுக்கும் அப்படியே. சொல்லை வாயால் சொல்லிப் பழகிய பிறகுதான் கைக்கு வேலை.

கிதாருக்கும் டிரம்முக்கும் மேல்நாட்டிலும் இப்படி ஒரு வரிசை போட்டிருக்கிறார்கள். டிரினிட்டி கல்லூரியின் "ராக் அண்டு பாப்" தேர்வில் தொடக்க நிலையும், அதற்கு மேல் எட்டு நிலைகளும் உண்டு. நிலைக்கு மூன்று பாட்டு. பட்டியலில் வருவது எல்லாம் பிரபல பாட்டுகள்தான். ஆனால் கைக்குத் தக்கபடி பிரித்து வைத்திருக்கிறார்கள். பரீட்சை எழுதாவிட்டாலும் அந்தச் சூட்சுமத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பாட்டில் ஒரே ஒரு புதுச் சங்கதிதான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் கைக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும்.

சாவும் பாவும்

மின்சாரக் கிதாரின் பிறப்பே வேடிக்கையானது. 1931-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் ஒன்றைச் செய்தார். வட்டமான சிறு உடல், நீளமான கழுத்து. "வாணலி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! எஃகுத் தந்தி அதிரும். கீழே காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். அதிர்வு மின்சாரமாக மாறி ஒலிபெருக்கிக்குப் போகும். இன்றைக்கும் தத்துவம் அதேதான்.

தந்தியைப் பலமாக மீட்ட வேண்டியதில்லை; மெல்லத் தொட்டாலே போதும். ஆகையால் தொடக்கக்காரருக்கு மின்சாரக் கிதார் விரலுக்குச் சுகமானது. ஆனால் காதுக்கு ஆபத்தானது. பிழையையும் அது பெரிதாக்கித்தானே காட்டும்?

இதற்கு ஏற்ற முதல் பாட்டு, "டீப் பர்ப்பிள்" குழுவினரின் "ஸ்மோக் ஆன் தி வாட்டர்". 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில் ஒரு சூதாட்ட மண்டபம் தீப்பிடித்து எரிந்தது. ஜெனீவா ஏரியின் மேல் புகை பரவியதைக் கண்ணால் பார்த்த குழுவினர் அதைப் பாட்டாக்கினார்கள். உலகத்தில் கிதார் கற்கும் பையன்கள் எல்லோரும் அதை வாசித்து வாசித்து, கடைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. வந்தால் என்ன? அதன் முகப்பில் இருப்பவை நான்கே சுரங்கள். ஒரே தந்தியில்கூட வாசித்துவிடலாம். ஒரு வாரத்தில் கைக்கு வரும். வீட்டில் உள்ளவர்கள் "இது ஏதோ பாட்டு மாதிரி இருக்கிறதே" என்பார்கள். அந்த ஒரு வார்த்தை இரண்டு மாதத்துக்குத் தாங்கும்.

அடுத்த படி "பவர் கார்டு". பெயர்தான் பயங்கரம். உள்ளே இருப்பது சாவும் பாவும் மட்டுமே. தம்பூராவில் கேட்கிறோமே, அதே இரண்டு சுரங்கள்! நடுவில் காந்தாரம் கிடையாது. ஒலிபெருக்கியில் கரகரப்பை ஏற்றினால் காந்தாரம் சேர்ந்த கூட்டு குழம்பிப்போகும். சாவும் பாவும் மட்டும் கணீரென்று நிற்கும். ராக் இசையில் பாதி இந்த இரண்டு சுரங்களில் ஓடுகிறது.

இதற்குப் பிறகே முழுச் சுரக்கூட்டுகள். "ஈ மைனர்" என்பதற்கு இரண்டு விரல் போதும். அதோடு ஜி, சி, டி சேர்ந்தால் ஏராளமான பாட்டுகள் கைக்குள் வரும். "எஃப்" மட்டும் தள்ளிப் போகட்டும். அதற்கு ஆள்காட்டி விரலைத் தந்திகள் மீது குறுக்கே படுக்கப் போட வேண்டும். கிதாரைக் கைவிட்டவர்களைக் கேட்டால் பலர் இந்த "எஃப்" பெயரைத்தான் சொல்வார்கள். சினிமாப் பாட்டுகளில் பாடகரின் சுருதிக்காகச் சங்கடமான கூட்டுகள் வரும். "கேப்போ" என்னும் கிடுக்கியைக் கழுத்தில் மாட்டினால் எளிய கூட்டுகளாலேயே அந்தச் சுருதிக்குப் போய்விடலாம்.

நாலு கை, கால்

1909-ல் அமெரிக்காவில் லுட்விக் என்பவர் பெரிய டிரம்முக்கு விரைவாக இயங்கும் கால் மிதி ஒன்றைச் செய்து விற்றார். அந்தக் காலத்தில் டிரம்காரர் ஒருவரே பல வாத்தியங்களைச் சமாளிக்கத் தொடங்கியிருந்தார். மிதி வந்ததும் காலும் கையாகிவிட்டது. இன்று ஒரே ஆள் இரண்டு கை, இரண்டு கால் கொண்டு எல்லாவற்றையும் முழக்குகிறார்.

ஆகவே டிரம்மில் முதல் பாட்டு என்பது கை கால்களைச் சமாதானம் செய்து வைக்கும் பாட்டாக இருக்க வேண்டும். "குயின்" குழுவினரின் "வீ வில் ராக் யூ" (1977) அதற்கு நல்லது. இரண்டு மிதி, ஒரு தட்டு; அவ்வளவுதான். அசல் பாட்டில் டிரம்மே இல்லை, காலும் கைதட்டலும்தான்! வாத்தியம் வருவதற்கு முன்பே திண்ணையில் உட்கார்ந்து பழகலாம்.

அடுத்து மைக்கேல் ஜாக்சனின் "பில்லி ஜீன்". 1982-ல் வந்த "திரில்லர்" தொகுப்பில் உள்ளது. வலது கை எட்டு எண்ணும். பெரிய டிரம் ஒன்றிலும் மூன்றிலும் விழும். இடது கை இரண்டிலும் நான்கிலும் விழும். பாட்டு முழுவதும் இதேதான். "இது என்ன பிரமாதம்?" என்று தோன்றும். ஐந்து நிமிஷம் வேகம் குறையாமல், கூடாமல் வாசித்துப் பார்த்தால் தெரியும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியைக் கேட்டிருப்பவர்களுக்கு இது புரியும். தறி அவசரப்படுவதில்லை.

ஆனால் மேல்நாட்டுப் பாடப்புத்தகங்கள் சொல்லாத ஒன்று நம் ஊருக்குத் தேவை. அவை நான்கிலேயே மாதக்கணக்கில் நிற்கும். நம் திருவிழா மேடையோ "தகிட தகிட" என்று ஆறில் துள்ளும். எல். ஆர். ஈசுவரியின் அம்மன் பாட்டுகளை ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த காது இது. மூன்றாவது பாட்டிலேயே ஆறுக்கு வந்துவிட வேண்டும். அதைத் தள்ளிப் போடும் டிரம்காரர், மேடையில் சாமி பாட்டு தொடங்கியதும் விழிப்பார்.

இரண்டு ஊர், ஒரு பாட்டு

கிதார்காரர் ராஜபாளையத்தில், டிரம்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு தோறும் ஒருவர் பஸ் ஏறுகிறார். கிதார்தான் பயணம் செய்யும். டிரம்மை எந்தக் கண்டக்டர் ஏற்றுவார்? இவர் ஒரு பாட்டு, அவர் ஒரு பாட்டு பழகியிருந்தால் பஸ் காசு வீண். தனித்தனியே பழகினாலும் பாட்டு ஒன்றாக இருக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இருவருக்கும் சேர்ந்து பொருத்தமானது "சுராங்கனி". இலங்கை பைலா. ஏ. இ. மனோகரன் பாடித் தமிழ்நாடெங்கும் பரவிய பாட்டு. கிதாருக்கு இரண்டு மூன்று கூட்டுகளுக்கு மேல் வேண்டாம். டிரம்முக்கு ஆறின் துள்ளல் அப்படியே கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, காது ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்ட பாட்டு. மார்கழி முப்பது நாளும் திருப்பாவை கேட்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் குழந்தைக்கு முப்பது பாட்டையும் யார் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள்? காதில் விழுந்து விழுந்தே வந்தது. பயிற்சிக்கும் அப்படிப்பட்ட பாட்டைத்தான் எடுக்க வேண்டும். எங்கே தவறினோம் என்று காதே சொல்லிவிடும்.

பழகும்போது பாதி வேகம். அலங்காரத்தை மூன்று காலத்தில் பாடுவதுபோல, முதல் காலம் சுத்தமான பிறகே அடுத்தது. இன்று கைப்பேசியிலேயே சுருதி மாறாமல் பாட்டின் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம். பால்கோவா கிண்டுகிறவர் அடுப்பை எரிய விட்டால் என்ன ஆகும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

அண்டை வீட்டாரும் கணக்கில் உண்டு. ஒட்டினாற்போல் வீடுகள் உள்ள தெருவில் ஒரே தாளத்தை ஒரு மணி நேரம் முழக்கினால் சண்டை வரும். ரப்பர் பலகையில் குச்சியைப் பழகலாம். கிதாருக்குக் காதில் மாட்டும் ஹெட்போன் போதும். "ஏம்ப்பா, நாலு நாளா ஒரே பாட்டா?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டால் கோபம் வேண்டாம். அது என்ன பாட்டு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அது நல்ல செய்தி.

பார்ப்பதற்கு என்று ஒரு பாட்டு உண்டு. 1964-ல் வந்த "சர்வர் சுந்தரம்" படத்தில் "அவளுக்கென்ன". ஒலிப்பதிவுக் கூடத்தையே படமாக்கியிருப்பார்கள். எம். எஸ். விசுவநாதன் இசைக்குழுவை நடத்த, டி. எம். சௌந்தரராஜன் பாடும் காட்சி. ஒவ்வொரு வாத்தியக்காரரும் தம் முறை வரும்வரை எப்படிக் காத்திருக்கிறார் என்று பார்க்கலாம். வாசிக்க எடுக்கக் கூடாது. அதன் வேகம் ஆளை விழுங்கிவிடும்.

"இளைய நிலா"வை என்ன செய்வது? கைவிட வேண்டியதில்லை. ஆறாவது, ஏழாவது பாட்டாக வரட்டும். அப்போதும் முழுப் பாட்டு வேண்டாம். பல்லவிக்குப் பின்னால் கூட்டுகளை மட்டும் மெதுவாக மீட்டிக்கொண்டு போனால் போதும். தம்பி மீட்ட, அண்ணன் பாடலாம். இடையில் வரும் கிதார் ஓட்டம் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கும்.