வேலை முடிந்ததா, வழியில் இருக்கிறதா?

12க்கு 12 கட்டம் போட்ட சதுரங்கப் பலகையில் 12 ராணிகளை, ஒன்றையொன்று வெட்டாதபடி எத்தனை விதமாக நிறுத்தலாம்? விடை 14,200. தேடுகிற புரோகிராமை ஒரே த்ரெட்டில், அதாவது ஒற்றை வேலையாளாக, ஓட்டினால் சரியாக இந்த எண் வரும். நான்கு த்ரெட்டுகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தால், சில சமயம் அதே எண். சில சமயம் குறைவு. புரோகிராம் நொறுங்குவதில்லை, எச்சரிக்கையும் வருவதில்லை. விடை முன்பே தெரியாத தேடல் என்றால் குறைந்த எண்ணையே நம்பிவிடுவோம்.

மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வந்த பிறகு, தென்காசி வட்டாரத்தில் புரோகிராம் எழுதுவது அதிசயமான பிழைப்பு இல்லை. ஆனால் வேலையைப் பிரிப்பதைச் சொல்லித் தருகிற அக்கறையோடு, அது முடிந்ததை எப்படி அறிவது என்று சொல்லித் தருவதில்லை.

அறுப்பு இயந்திரம் வருவதற்கு முந்தைய ஆய்க்குடி வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் நிற்கிறவர்களிடம் கேட்டால், "எல்லாம் அறுத்தாச்சு அண்ணாச்சி" என்பார்கள். களத்தில் கேட்டால், "அடிக்கக் கட்டு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி." இரண்டும் உண்மைதான். ஆனால் வரப்பில் ஒருத்தி தலையில் ஒரு கட்டு வந்துகொண்டிருக்கிறது.

நம் புரோகிராமில் அந்தக் கட்டு இரண்டே வரிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. நிலுவை வேலைகளுக்கு ஓர் எண்ணிக்கை வைத்து, அது பூஜ்யம் ஆனதும் விடையை அச்சிடச் சொல்லியிருக்கிறோம். ஒரு த்ரெட் தன் வேலையை முடித்து ஒன்றைக் கழிக்கிறது. அடுத்த வரியில் அதிலிருந்து கிளைத்த புது வேலைகளைக் கூட்டுகிறது. இடைப்பட்ட கணத்தில் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டால் அதோடு தேடல் முடிந்தது. வரிகளை இடம் மாற்றி, முதலில் கூட்டிப் பிறகு கழித்தால் போதும்.

தனித்தனிக் கணினிகள் என்றால் பொது எண்ணிக்கை வைப்பதே சிரமம். கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவும் இரு சகாக்களும் 1983இல் ஒரு வழி சொன்னார்கள். வட்டமாக ஒரு டோக்கன் சுற்றி வரும். இடையில் வேலை அனுப்பிய கணினி கறுப்பாகி டோக்கனையும் கறுப்பாக்கும். கறுப்பாகத் திரும்பினால் மறுபடி சுற்று. செய்தி அனுப்பிய கணமே போய்ச் சேரும் என்பது அதன் அனுமானம். நிஜ நெட்வொர்க்கில் அது நடக்காது. அதனால் ஷ்முவேல் சஃப்ரா, ஒவ்வொரு கணினியும் அனுப்பியதில் பெற்றதைக் கழித்த எண்ணையும் டோக்கனில் ஏற்றினார். 1987இல் டைக்ஸ்ட்ரா அதை எழுதி வைத்தார்.

எண் மட்டும் போதுமே, நிறம் எதற்கு? அ, ஆ, இ என மூன்று கணினிகள். இ அனுப்பிய வேலை வழியில் இருக்கும்போது டோக்கன் அ-வைக் கடக்கிறது: பூஜ்யம். பிறகு அ அந்த வேலையைப் பெற்று, ஒரு பகுதியை ஆ-வுக்குத் தள்ளிவிட்டு மீதியைச் செய்துகொண்டிருக்கிறது. ஆ தன் பங்கை முடித்துவிட, டோக்கன் அங்கே கழித்தல் ஒன்று, இ-யிடம் கூட்டல் ஒன்று எடுக்கிறது. மொத்தம் பூஜ்யம், அ இன்னும் உழைக்கிறது! செய்தி பெற்றவர் கறுப்பாகிவிடுவார் என்ற சஃப்ராவின் விதிதான் இந்தப் பொய்க்கணக்கைப் பிடிக்கிறது.

இதே கேள்வியை இன்னும் பொதுவாக எடுத்துக்கொண்டவர் சென்னை ஐஐடியில் 1965இல் பட்டம் பெற்ற மணி சாண்டி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்த லெஸ்லி லாம்போர்ட்டிடம் இரவு விருந்தில் புதிரைச் சொன்னார்: ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளின் மொத்த நிலையை, வழியில் இருக்கும் செய்திகளோடு சேர்த்து, எப்படிப் பதிவு செய்வது? இருவரும் அளவுக்கு மேல் ஒயின் குடித்திருந்ததால் அன்று ஓடவில்லை. மறுநாள் காலை குளிக்கையில் லாம்போர்ட்டுக்கு விடை தட்டியது. சாண்டியின் அறைக்குப் போனால் அவரும் அதே விடையோடு காத்திருந்தார். லாம்போர்ட்டே எழுதியிருக்கும் கதை இது. 1985இல் வெளியான அந்த முறையில், ஒவ்வொரு கணினியும் தன் நிலையைக் குறித்துக்கொண்டு, எல்லாத் தடங்களிலும் ஓர் அடையாளச் செய்தி அனுப்பும். தான் குறித்த பிறகு, எதிர்முனையின் அடையாளம் வரும்வரை வந்தவை "வழியில் இருந்தவை" என்று பதிவாகும்.

திரும்ப நம் ராணிகளுக்கு வருவோம். எங்கே நிற்கிறது என்று பார்க்க அச்சிடும் வரி ஒன்று சேர்த்தால், நேரம் சற்றே நகர்ந்து பிழை காணாமல் போய்விடலாம். எடுத்ததும் திரும்பி வரும். அதனால் மறைக்காமல் பெரிதாக்க வேண்டும். கழிக்கும் வரிக்கும் கூட்டும் வரிக்கும் நடுவே வேண்டுமென்றே அரை விநாடித் தாமதம் வையுங்கள். முதல் வேலையை எடுத்த த்ரெட் கழித்துவிட்டுக் காத்திருக்கும்போதே எண்ணிக்கை பூஜ்யமாகி, திரையில் 14,200க்குப் பதில் 0 என்று வந்து நிற்கும்.