உல்லாசப் பயணமும் உணவுச் செலவும்

கூட்டுறவுச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஆய்வாளருக்குப் பேரேட்டின் எண்கள் வெறும் எண்களாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு பற்றுக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் இன்பமோ துன்பமோ மறைந்திருக்கக் காண்கிறோம். கோடை விடுமுறை கழிந்ததும் ஒரு நாள், காரைக்குடிப் பகுதியிலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்டாங்கிச் சேலை நெய்யும் அங்கத்தினர் ஒருவர், மே மாதத்தில் தம் சிக்கன நிதியிலிருந்து ஒரு தொகை எடுத்திருந்தார். அதில் வியப்பில்லை. ஆனால் பத்தே நாள் கழித்து அவரே கூலி முன்பணம் கேட்டு எழுதியிருந்தார். வீட்டில் நோயோ என ஐயுற்று, அவரை அழைத்து விசாரித்தோம்.

“நோய் ஒன்றும் இல்லைங்க ஐயா. பிள்ளைகளை ராட்டினப் பூங்காவிற்குக் கூட்டிச் சென்றேன், அவ்வளவுதான்” என்றார் அவர், சற்றே நாணத்துடன்.

நாணுவதற்கு இதில் என்ன இருக்கிறது? ஆண்டு முழுவதும் குழித்தறியில் கால் மிதிக்கும் தகப்பன், தன் மக்களை ஒரு நாள் மகிழ்விக்க விரும்புவது இயல்பே. பரவை, மேட்டுப்பாளையம், சென்னைக் கடற்கரைச் சாலை என்று இன்று நம் நாட்டில் நீர்விளையாட்டும் ராட்டினமும் உள்ள கேளிக்கைப் பூங்காக்கள் பல உள்ளன. நம் பகுதிப் பிள்ளைகள் பள்ளியில் அவற்றைப் பற்றியே பேசுகின்றனர். இவர் சென்றது எப்பூங்கா என்பது நமக்கு வேண்டா. செலவு எங்கே கைமீறியது என்பதே நம் கேள்வி.

நுழைவுக் கட்டணமும் வண்டிக் கட்டணமும் அவர் முன்னரே அறிந்தவை. அவற்றிற்கே சிக்கன நிதியிலிருந்து பணம் எடுத்தார். உணவிற்கென அவர் ஏதும் ஒதுக்கவில்லை. ஏனெனில் உணவு வீட்டிலிருந்தே செல்வதாக ஏற்பாடு. அவருடைய மனைவியார் இரவு இரண்டு மணிக்கே எழுந்து, ஐந்து பேருக்கும் எலுமிச்சம்பழச் சோறும் தயிர்ச்சோறும் கட்டினார். ஆனால் பூங்கா வாயிலில் பைகளைச் சோதித்தவர்கள், வெளி உணவிற்கு அனுமதியில்லை என்று தடுத்துவிட்டனர். சோற்றுப் பை வாயிலருகே வெயிலில் கிடந்தது. மாலையில் திறந்து பார்த்தபோது தயிர்ச்சோறு புளித்துப் பொங்கியிருந்தது. இரண்டு மணிக்குக் கண்விழித்து ஆக்கிய சோற்றை அந்த அம்மையார் தம் கையாலேயே குப்பைத் தொட்டியில் கொட்டினார்.

மூத்த மகனின் பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அன்றைய உணவுச் செலவு எழுதப்பட்டிருந்தது. நண்பகல் சாப்பாடு ஐவருக்கு 1,100 ரூபாய்; தண்ணீர்ப் புட்டி ஒன்பதுக்கு 360; ஐஸ்கிரீம், பொரித்த உருளைக்கிழங்கு முதலியவற்றிற்கு 780; மாலைத் தேநீருக்கும் பஜ்ஜிக்கும் 400; ஆக மொத்தம் 2,640 ரூபாய். இத்தொகை எத்தனை நாள் தறிமிதி என்பதை நெசவாளத் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

அவருடைய தாயார் திண்ணையில் அமர்ந்து நம்மிடம் சொன்ன சொல் இன்னும் செவியில் ஒலிக்கிறது. “எனக்கு ராட்டினமெல்லாம் எதற்குத் தம்பி? பேரப்பிள்ளைகள் சிரிப்பதைப் பார்க்கத்தான் போனேன். அவர்கள் சிரித்தார்கள். ஆனால் அன்றைக்கு முழுவதும் என் மருமகள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.”

மதிலும் விலையும்

அக்குடும்பம் ஊதாரித்தனமாகச் செலவிட்டது என்று கூறுதல் நியாயமன்று. கணக்கை மீண்டும் நோக்குக. ஒன்பது புட்டி தண்ணீர் ஆடம்பரமா? பசித்த பிள்ளைக்குச் சாப்பாடு ஆடம்பரமா? தவறு வேறிடத்தில் இருக்கிறது. சந்தையில் பத்துக் கடைகள் உண்டு. ஒரு கடையில் விலை மிகுந்தால் அடுத்த கடைக்குச் செல்கிறோம். பூங்காவின் மதிலைத் தாண்டி உள்ளே சென்றபின், கடை பலவாயினும் விற்பவர் ஒருவரே. பேரம் பேசவும் வழியில்லை. வெளியே சென்று வாங்கவும் வழியில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை நின்றுபோகும் இடத்தில் விலை ஏறும். வணிகத்தின் பழைய விதி இது.

இவ்விதியை முதலில் தெளிவாக உணர்ந்தவர்களுள் நெசவாளரும் உண்டு என்பதை நம் அங்கத்தினர்கள் பெருமையுடன் நினைவு கூரலாம். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், கடைக்காரர் தந்த கலப்பட மாவையே வாங்கியாக வேண்டிய நிலையில் இருந்த தொழிலாளர்கள் ஒன்றுகூடினர். அவர்களுள் கம்பளித்துணி நெய்வோரும் இருந்தனர். இருபத்தெட்டுப் பேர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 1844-ஆம் ஆண்டு டிசம்பரில் மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் விற்கும் சொந்தக் கடையைத் திறந்தனர். அவ்வழியைப் பின்பற்றியே நம் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு நாள் உல்லாசப் பயணத்திற்கும் அதே பாடம் பொருந்தும். மதிலுக்குள் சென்றபின் சிக்கனம் செய்ய முயல்வதில் பயனில்லை. பிள்ளைகளின் முகம் வாடுவதே மிச்சம். சிக்கனத்தை மதிலுக்கு வெளியே, புறப்படுவதற்கு முன்பே, பலர் கூடிச் செய்தல் வேண்டும்.

நம் முன்னோர் கண்ட வழி

இந்த உண்மையைச் செட்டிநாடு நெடுங்காலமாகவே அறியும். நகரத்தார் தொலைவிடங்களுக்கு யாத்திரை செல்லத் தொடங்கியபோது, முதலில் உண்டியும் உறையுளும் எங்கே என்றே எண்ணினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காசியில் நகரச் சத்திரம் எழுந்தது. இராமேசுவரத்திலும் பழனியிலும் அவர்களுடைய விடுதிகள் உள்ளன. தைப்பூசத்திற்குப் பழனிக்குக் காவடியுடன் நடப்போர்க்கு வழியில் உணவும் தங்குமிடமும் முன்கூட்டியே ஏற்பாடாகி நிற்பதை இன்றும் காணலாம். ஒவ்வொரு யாத்திரிகரும் தத்தம் அடுப்பைச் சுமந்து செல்வதில்லை. ஊர் கூடிச் செய்த ஏற்பாடு அவர்களைத் தாங்குகிறது.

சட்டம் கூறுவது

வெளி உணவைத் தடுக்கலாமா என்று பலர் நம்மைக் கேட்கின்றனர். திரையரங்குகளைப் பொறுத்தவரை, உரிமையாளர் தடுக்கலாம் என்று 2023-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் தூய குடிநீரை இலவசமாக அளித்தல் வேண்டும் என்றும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொணரும் உணவைத் தடுக்கலாகாது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. இது திரையரங்கு பற்றிய தீர்ப்பே. எனினும் பூங்கா வாயிலில் பணிவுடன் பேசுவோர்க்கு நல்ல துணை.

உலகில் எல்லாப் பூங்காக்களும் வெளி உணவைத் தடுப்பதில்லை. அமெரிக்காவில் 1955-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற டிஸ்னிலாந்து, கண்ணாடிக் கலம், மது போன்றவற்றை விலக்கி, வருவோர் தமக்கு வேண்டிய உணவைக் கொண்டுவர இடமளிக்கிறது. அதே நிறுவனத்தின் ஷாங்காய்ப் பூங்கா தடுத்து வந்தது. சட்டம் பயிலும் மாணவி ஒருவர் 2019-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவர் பெற்ற இழப்பீடு 50 யுவான் மட்டுமே. ஆனால் அவ்வாண்டு செப்டம்பரில் பூங்கா தன் விதியைத் தளர்த்தியது. ஒருவர் நியாயமாகக் கேட்ட கேள்வி பலருக்குப் பயன்படும் என்பதற்கு இது சான்று.

தண்ணீர்ப் புட்டியின் விலை பற்றியும் ஒரு சொல். ஒரே வகைப் பொருளுக்கு இரு வேறு அதிகபட்ச விலைகள் அச்சிடலாகாது என்னும் விதி 2018-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. உணவு விடுதியில் அமர வைத்துப் பரிமாறும்போது அவ்விலைக்கு மேல் வாங்கலாம் என 2017-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது உண்மை. ஆயினும் விற்பனைக் கடையில் வாங்கும் புட்டிக்கு அச்சிட்ட விலையே விலை. ரசீது கேட்டு வாங்குக. குறையிருப்பின் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

பதினொரு குடும்பங்கள் கண்ட வழி

மறு ஆண்டு விடுமுறைக்கு முன், அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவினர் நம்மையும் அழைத்துக் கலந்து பேசினர். பதினொரு குடும்பத்தினர், நம் வீட்டாரையும் சேர்த்து 48 பேர், அதே பூங்காவிற்குச் செல்வதென முடிவாயிற்று. முதலில் தொலைபேசியில் ஐந்து கேள்விகள் கேட்கப்பட்டன. வெளி உணவுக்கு அனுமதி உண்டா? குழந்தை உணவும் மருந்தும் கொண்டுவரலாமா? குடிநீர்க் குழாய் எங்கே உள்ளது? ஒருமுறை வெளியே வந்தவர் மீண்டும் உள்ளே செல்லலாமா? கூட்டமாக வருவோர்க்குச் சாப்பாட்டு விலை குறையுமா? வெளி உணவுக்கும் மறுநுழைவுக்கும் இல்லை என்று விடை வந்தது. ஆனால் குடிநீர்க் குழாய் உண்டு. சாப்பாடும் முன்கூட்டிச் சொன்னால் தலைக்கு 150 ரூபாய் என்றனர். முந்திய ஆண்டு அது 220 ரூபாய்.

அடுத்தது காலை உணவும் இரவு உணவும். பூங்கா உள்ள ஊரிலும் ஒரு நெசவாளர் சங்கம் இருக்கிறது. அவர்களுக்கு நம் சங்கத் தலைவர் ஒரு கடிதம் எழுதினார். பாவு ஓட்டும் கொட்டகையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று உடனே மறுமொழி வந்தது. கூட்டுறவு நிறுவனங்கள் ஒன்றோடொன்று ஒத்துழைத்தல் வேண்டும் என்னும் கொள்கையை அனைத்துலகக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1966-ஆம் ஆண்டில் ஏற்றது. அக்கொள்கை அன்று கொட்டகை வடிவில் நமக்கு உதவிற்று! கூலிக்கு அமர்த்திய சமையற்காரர் ஒருவர் மாவும் அரிசியும் மளிகையும் ஏற்றிக்கொண்டு முதல் நாள் மாலையே அங்குச் சென்றார். காலை எட்டரை மணிக்கு நாம் இறங்கியபோது இட்லி ஆவி பறந்தது. மாலை ஆறு மணிக்குச் சுடுசோறும், காரைக்குடியிலிருந்து கொணர்ந்த புளிக்காய்ச்சலும், அப்பளமும் காத்திருந்தன.

சுடச்சுடச் சமைத்ததற்குக் காரணம் உண்டு. வெந்த சோறு ஆறிக் கிடந்தால் கிருமி பெருகும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே வைத்தல் தகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எனவே சோற்றைக் கட்டிச் சென்று வெயிலில் வைப்பதினும், கெடாத புளிக்காய்ச்சலைக் கொண்டுசென்று சோற்றை அவ்விடத்திலேயே வடிப்பது சாலச் சிறந்தது. வழிக்கு வேண்டிய தின்பண்டங்களாகத் தேன்குழலும் சீப்புச்சீடையும் கடலை மிட்டாயும் வாழைப்பழமும் எடுத்துச் சென்றோம்.

மளிகை, சமையற்கூலி, பாத்திர வாடகை எல்லாம் சேர்ந்து 4,320 ரூபாய். தலைக்கு 90 ரூபாய். பிள்ளை ஒன்றுக்கு 50 ரூபாய் கையில் கொடுத்து, அதை எவ்வாறு செலவிடுவது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டோம். கேட்டதற்கெல்லாம் “வேண்டாம்” என்று சொல்லும் வேலை பெற்றோர்க்கு ஒழிந்தது. ஐஸ்கிரீம் வண்டியின் முன் நின்று சின்னஞ்சிறு கணக்கர்கள் ஆலோசித்த அழகே அழகு! சிலர் ஐந்து பத்து மீதம் கொணர்ந்தனர்.

முன் சொன்ன நெசவாளரின் குடும்பக் கணக்கு இவ்வாண்டு வருமாறு: இருவேளை உணவு 450, நண்பகல் சாப்பாடு 750, பிள்ளைகள் இருவருக்குக் கைச்செலவு 100, ஆக 1,300 ரூபாய். மீதம் 1,340 ரூபாய். தண்ணீருக்கு ஒரு காசும் செலவில்லை. புட்டிகளை வீட்டிலிருந்து காலியாக எடுத்துச் சென்று குழாயில் நிரப்பிக்கொண்டனர்.

தனித்துச் செல்வோர்க்கு

கூட்டம் சேர இயலாதோரும் இம்முறையைத் தம் அளவில் கைக்கொள்ளலாம். பூங்கா வாயிலுக்குச் செல்லுமுன் ஊருக்குள் உள்ள சாதாரண உணவு விடுதியில் வயிறார உண்க. சென்னை செல்வோர்க்கு, 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய அம்மா உணவகங்கள் மலிவு விலையில் இட்லியும் சோறும் அளிக்கின்றன. முன்பதிவில்லாப் பெட்டியில் பயணம் செய்வோர்க்கு, இரயில்வே நிர்வாகம் பல நிலையங்களில் 20 ரூபாய்க்குப் பூரியும் கிழங்கும் தருகிறது. உள்ளே ஒரே ஒரு வேளை உண்பதெனத் திட்டமிட்டு, அத்தொகையைத் தனி உறையில் போட்டு வைக்க. மாலையில் வெளியே வந்ததும் உண்ணலாம் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைக்க.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறோம். வீட்டுப் பெண்டிர் நள்ளிரவில் எழுந்து உழைப்பதைச் செலவில் சேர்க்காமல் “மிச்சம்” என்று எழுதுவது பிழையான கணக்கு. நெசவாளரின் உழைப்பிற்குக் கூலி கேட்கும் நாம், அடுப்படி உழைப்பைக் கணக்கில் விட்டுவிடுதல் முறையாகாது. சமையற்காரருக்கு அளித்த கூலியே அன்றைய செலவுகளுள் மிகப் பயனுள்ளது என்பது நம் துணிபு.

இதற்குச் சான்றும் உண்டு. அன்று பிற்பகல், அலைநீர்க் குளத்தின் கரையில் நிழலில் அமர்ந்திருந்த அந்த முதிய தாயார் நம்மை அருகழைத்து விரலால் சுட்டிக் காட்டினார். இடுப்பளவு நீரில், இரு பிள்ளைகளின் கைகளைப் பற்றிக்கொண்டு, அலை வந்து மோதுந்தோறும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார் அவருடைய மருமகள்.

அந்த ஆண்டு சங்கப் பேரேட்டில் அந்நெசவாளர் பெயரில் முன்பணக் கோரிக்கை ஏதும் இல்லை. அடுத்த விடுமுறைக்கு இன்னும் மாதங்கள் உள்ளன. மாதந்தோறும் ஒரு சிறு தொகையை அதற்கெனத் தனியே எழுதி வைக்கவும், அண்டைக் குடும்பங்களோடு இப்பொழுதே கலந்து பேசவும் அங்கத்தினர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.