உங்களுக்குத் தெரியுமா? எறும்புகள் வீடு மாறும் விதம்

வளர்ப்பு எறும்புகளின் முதல் வீடு ஒரு சோதனைக் குழாய். அடியில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, நடுவே இறக்கை உதிர்த்த ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. ஐரோப்பாவில் பலரும் வளர்க்கும் லேசியஸ் நைஜர் என்ற கறுப்புத் தோட்ட எறும்பின் ராணிக்கு அங்கே இரைகூட வேண்டாம். இனிப் பறக்க வேண்டியதில்லை என்பதால் இறக்கைத் தசைகளைக் கரைத்து, அந்தச் சத்தைக் கொண்டே முதல் பிள்ளைகளை வளர்த்துவிடும். தொல்லை பிறகுதான் வருகிறது. கூட்டம் பெருகிக் குழாய் நிறைந்ததும் வளர்ப்பவர் ஆசை ஆசையாய் ஒரு ஜிப்சம் கூடு வாங்கி இணைத்துவைப்பார். எறும்புகளோ வாரக்கணக்கில் பழைய குழாயிலேயே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும்.

●

அது பிடிவாதம் அல்ல. இருட்டு, ஈரம், வெதுவெதுப்பு, குறுகலான வாசல் என எறும்பு வீட்டில் தேடுகிற எல்லாம் அந்தக் குழாயிலேயே இருக்கின்றன. பிறகு எதற்காகக் கிளம்ப வேண்டும்? ஆகவே வளர்ப்பவரின் வேலை, அந்த வசதிகளைப் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு மாற்றுவதுதான். குழாயைச் சுற்றிய காகிதத்தை எடுத்துவிட்டு வெளிச்சம் படவையுங்கள். புதுக் கூட்டை இருட்டாக்கி, ஒரு பக்கம் மட்டும் நனைத்து, லேசாகச் சூடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் வற்றும்போது பெரும்பாலும் அவையாகவே கிளம்பிவிடும்.

●

ஒரு பக்கம் மட்டும் ஏன் நனைக்க வேண்டும்? முட்டைக்கும் புழுவுக்கும் ஈரம் வேண்டும். பல இனங்களில் கூட்டுப்புழுக்களுக்குச் சற்று உலர்ந்த இடம் வேண்டும். எது எங்கே என்பதை வேலைக்கார எறும்புகளே முடிவு செய்யும். நாம் இடவசதியை மட்டும் தந்தால் போதும். பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் ஜானே இதைப் புரிந்துகொண்டு, ஓர் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டியும் அதிலிருந்து படிப்படியாக ஈரம் குறைகிற அறைகளும் கொண்ட ஜிப்சம் கூடுகளை 19ஆம் நூற்றாண்டிலேயே செய்தார். இன்று கடைகளில் விற்பவை பெரும்பாலும் அதன் வாரிசுகளே.

●

இருட்டாக்கிவிட்டால் உள்ளே எப்படிப் பார்ப்பது? சிவப்புச் செல்லோபேன் தாளால் மூடுங்கள். பெரும்பாலான எறும்புகளின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி மிக மங்கல். நமக்குத் தெரியும், அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு.

●

வீடு தேடும் வித்தையில் கைதேர்ந்தது இங்கிலாந்தின் தென்கடற்கரைப் பாறை இடுக்குகளில் வாழும் டெம்னோதோராக்ஸ் என்ற எறும்பு. உடல் நீளம் 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நைஜல் ஃபிராங்க்ஸ் குழுவினர் இவற்றை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே குடிவைத்து, மேல் தகட்டைத் தூக்கிவிடுவார்கள். கூரை போனதும் சில எறும்புகள் வேவு பார்க்கக் கிளம்பும். கண்டுபிடித்த இடத்தின் பரப்பு, இருட்டு, வாசலின் அகலம் எல்லாவற்றையும் உள்ளே நடந்து நடந்து அளக்கும். இடம் பிடித்துப்போனால் திரும்பி வந்து ஒரே ஒரு தோழியை மட்டும் அழைத்துச் செல்லும். முன்னது நடக்க, பின்னது உணர்கொம்பால் அதன் பின்காலையும் வயிற்றையும் தட்டிக்கொண்டே தொடரும். தட்டுவது நின்றால் முன்னது அப்படியே நின்று காத்திருக்கும். மறுபடி தட்டினால்தான் அடுத்த அடி. மனிதரல்லாத உயிரினம் ஒன்று இன்னொன்றுக்குப் பாடம் கற்பிக்கிறது என்று இந்த நடையை வைத்தே 2006இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். படிக்கும்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இடம் சுமாராக இருந்தால் வேவு எறும்பு ஆள் கூட்டப் போகாமல் தயங்கி நிற்கும். நன்றாக இருந்தால் சீக்கிரம் கிளம்பும். இதனால் நல்ல வீட்டில்தான் வேகமாக ஆள் சேரும். புது வீட்டில் குறிப்பிட்ட அளவு கூட்டம் சேர்ந்ததும் நடத்திக் கூட்டிப் போவதை நிறுத்திவிட்டு, மிச்சமுள்ளவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கும். அப்போது வேகம் சுமார் மூன்று மடங்கு. தலைவர் யாரும் கிடையாது, ராணியும் உத்தரவு போடுவதில்லை. உங்கள் கூட்டில் ஒன்றிரண்டு எறும்புகள் மட்டும் போய்ப் போய் வருகின்றன என்றால் அளந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். இடையில் போய்க் கலைக்காதீர்கள்.

●

தூக்கிப் போவதிலும் குலவழக்கு உண்டு. கட்டெறும்பு வகையறா, தோழியின் தாடையைக் கவ்விக்கொள்ளும். தூக்கப்படுவது கால்களை மடக்கிச் சுருண்டு, தூக்குபவரின் தலைக்குக் கீழே தொங்கும். டெம்னோதோராக்ஸ் வகையறாவில் தலைக்கு மேலே, முதுகுப்பக்கமாக. எதுவானாலும் தூக்கப்படுவது திமிறாது.

●

நம் நாட்டில் தரையில் கூடு கட்டி வாழும் டயகாமா எறும்புக்கு ராணி என்று தனிச் சாதியே இல்லை. இணை சேர்ந்த வேலைக்கார எறும்பு ஒன்றே முட்டையிடும். இது வீடு மாறும்போது பெரியவர்களை ஒவ்வொருவராக நடத்திக் கூட்டிப் போகிறது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் இதை நுணுக்கமாக ஆராய்கிறார்கள். வீடு மாறும் சந்தடியில் அயல் கூட்டத்தார் கூட்டுப்புழுக்களைத் திருடிப்போவதும் அங்கே பதிவாகியிருக்கிறது.

●

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்பார்கள். புறநானூற்றின் 173ஆம் பாட்டிலும் முட்டையோடு மேட்டுநிலம் சேரும் எறும்பு வரிசை வருகிறது. வாயில் அரிசிமணி போலத் தெரிவது பெரும்பாலும் முட்டை அல்ல, புழுவும் கூட்டுப்புழுவும். உண்மையான முட்டை ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம்.

●

அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் படையெறும்பு, நாடோடிக் காலத்தில் ஏறத்தாழ 15 நாட்களுக்கு இரவுதோறும் இடம் மாறும். கூடு என்று எதையும் கட்டுவதில்லை. ஒன்றையொன்று கால்களால் கோத்துக்கொண்டு தொங்கும் உடல்களே சுவர், அவையே கூரை.

●

புது வீடு பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறோம். சிறு கூட்டத்துக்கு அது கெடுதல். ஆள் இல்லாத அறைகள் குப்பைத்தொட்டியாகும், பூஞ்சை பிடிக்கும். இருக்கிற எறும்புகளுக்குச் சற்றே தாராளமான இடம் போதும். மிச்ச அறைகளைப் பஞ்சால் அடைத்துவையுங்கள்.

●

பொறுமை இழந்து குழாயைத் தட்டிக் கொட்டுவது, அடியில் சூடு காட்டுவது இரண்டும் வேண்டாம். காற்றில் வரும் நம் பேச்சு எறும்புக்குப் பெரிதாய் எட்டாது, ஆனால் தரை வழியாக வரும் அதிர்வு நன்றாகவே எட்டும். மிரண்டுபோன கூட்டம் தன் முட்டையையும் புழுவையும் தானே தின்றுவிடுவதுண்டு. பழைய குழாயை எடுக்க அவசரப்படாதீர்கள். ராணியும் கடைசிப் புழுவும் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு எடுக்கலாம்.

●

வளர்ப்பில் இருந்த ஒரு லேசியஸ் நைஜர் ராணி 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. எறும்பு வளர்க்க ஆசைப்படும் குழந்தைக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

●

2025இல் கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளைப் பஞ்சடைத்த குழாய்களில் வைத்துக் கடத்த முயன்ற நால்வர் பிடிபட்டார்கள். நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதித்தது. அவற்றில் பெரும்பாலானவை மெசோர் செபலோட்டஸ் என்ற அறுவடை எறும்பின் ராணிகள். ஒரு ராணியைப் பிடித்தால், காட்டில் உருவாகியிருக்க வேண்டிய ஒரு முழுக் கூட்டமே இல்லாமல் போகிறது. அயல்நாட்டு ராணிகளை விலைக்கு வாங்காதீர்கள். முதல் மழைக்கு மறுநாள் உங்கள் வாசலிலேயே இறக்கை உதிர்த்த ராணி ஒன்று ஒதுங்க இடம் தேடி ஓடிக்கொண்டிருக்கும்.