கந்தக அணு செய்யும் கலப்படம்

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் தணியவில்லை, முன்னைவிட வேகமெடுத்தது. 1940களில் பாஸ்டனில் இதைக் கவனித்தவர் சிட்னி ஃபார்பர். சத்து கொடுத்தால் நோய் வளர்கிறது என்றால், அந்தச் சத்தைத் தடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தார்.

தடுக்கும் மருந்து லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமினோப்டெரின் என்ற அந்த மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகத் தணிப்புதான். ஆனால் அதுவரை கைவிரித்து நின்ற மருத்துவத்துக்கு அதுவே பெரிய விஷயம். 1948இல் ஆய்வு முடிவு வெளியானது. அதே ஆண்டு சுப்பாராவ் காலமானார். நோபல் பரிசு கிடைத்திருக்க வேண்டியவர், கிடைக்கவில்லை.

செல் இரண்டாகப் பிரியுமுன் தன் டிஎன்ஏ முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். அதற்கு ஃபோலேட் (ஃபோலிக் அமில வகைச் சத்து) தேவை. அமினோப்டெரினைப் போலவே தடுக்கும், இன்று புழக்கத்தில் உள்ள மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலத்தின் சாயலில் இருப்பதால், ஃபோலேட்டைப் பதப்படுத்தும் நொதியில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை முடக்குகிறது.

மெர்காப்டோப்யூரின் செய்வது வேறு. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய இந்த மருந்துக்கும், செல் இயல்பாகப் பயன்படுத்தும் ஹைப்போசாந்தினுக்கும் ஒரே வித்தியாசம்தான்: ஆக்சிஜன் அணு இருக்கும் இடத்தில் கந்தக அணு. செல் ஏமாந்து அதை எடுத்துக்கொள்கிறது. சுவரில் வேகாத செங்கல் போல அது டிஎன்ஏவுக்குள் புகுந்துவிட, செல் மடிகிறது. பெரியவர்களின் தீவிர மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் சைட்டராபினும் இதே இனம்.

ஓயாமல் பிரியும் செல்லைத்தான் இவை அதிகம் தாக்கும். எலும்பு மஜ்ஜை, வாய், குடல் உட்சுவர் ஆகியவற்றின் நல்ல செல்களும் அப்படிப்பட்டவையே. வாய்ப்புண்ணும், ரத்த அணுக்கள் குறைவதும், தொற்றும் வருவது அதனால்தான்.

குழந்தைகளின் தீவிர லிம்ஃபாய்டு வகை ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். அதில் பெரும்பகுதி வீட்டிலேயே மாத்திரையாக நடக்கிறது: மெர்காப்டோப்யூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரே ஒரு நாள். பிள்ளை தெளிவாகிவிட்டான் என்று பாதியில் நிறுத்தாதீர்கள். வாராந்திர மாத்திரையைத் தவறித் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. யூரிக் அமிலத்துக்கான அலோப்யூரினால் சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்; மெர்காப்டோப்யூரினின் அளவை வெகுவாகக் குறைக்க வேண்டியிருக்கும்.