லிங்க்ட்இன்ல கிளையன்ட் கிடைப்பாங்களா?

அடையாறில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்பவர், மயிலாப்பூரில் மொழிபெயர்ப்பு செய்பவர், தி.நகர் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர்: தனியாகத் தொழில் செய்யும் யாரிடம் பேசினாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. தினம் ஒரு மணி நேரம் லிங்க்ட்இன்ல உட்கார்ந்தா வேலை வருமா? சிலருக்கு வரும், சிலருக்கு வராது. யாருக்கு என்பதுதான் விஷயம்.

1973-ல் மார்க் கிரானொவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் "அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்கள் எப்போதாவது, அல்லது அபூர்வமாக என்றார்கள். காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த சேதி நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் சேதி தூரத்துப் பழக்கத்திலிருந்துதான் வரும்.

2022-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இதை லிங்க்ட்இன்லயே சோதித்தது. "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று காட்டும் பரிந்துரைகளை ஆளுக்கு ஆள் மாற்றி, ஐந்து ஆண்டுகளில் சுமார் 2 கோடி பேரிடம் விளைவைப் பார்த்தார்கள். ரொம்ப நெருக்கமும் இல்லாத, ரொம்பத் தூரமும் இல்லாத பழக்கம்தான் அதிகம் உதவியது. முக்கியமான இன்னொன்று: டிஜிட்டல் துறைகளில் தூரத்துப் பழக்கம் உதவியது, மற்ற துறைகளில் நெருங்கிய பழக்கமே கைகொடுத்தது.

ஆனா ரெண்டு ஆய்வுமே சம்பள வேலை பற்றியது. அங்கே சேதி கிடைத்தால் போதும், மீதியை இன்டர்வியூ பார்த்துக்கொள்ளும். கிளையன்டுக்கு அந்த வடிகட்டி கிடையாது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு ஆள் போனை எடுப்பாரா என்பதுதான் அவர் கவலை. அவருக்குச் சேதியை விட உத்தரவாதம் வேணும்.

மயிலாப்பூர் இதை எப்போதோ கற்றுக்கொண்ட ஊர். கல்யாணச் சமையல்காரரை யாரும் ப்ரொஃபைல் பார்த்துப் பிடிப்பதில்லை. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர், கை கழுவிட்டு வந்து "யாரு சமையல்?"னு நம்பர் வாங்கிப் போகிறார். மார்கழிக் கச்சேரியில் மிருதங்கம் வாசிப்பவருக்கு அந்த மேடைதான் விசிட்டிங் கார்டு. கேட்டவர்களில் ஒரு பாடகரோ சபா செயலாளரோ இருந்தால் அடுத்த வாய்ப்பு வரலாம்.

வக்கீல்களுக்கோ வேறு வழியே இல்லை. விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 36-வது விதி. ஆன்லைன் தளங்கள் வழியாக அதைச் செய்வதும் தவறு என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாய்மொழிதான் கதி.

ஆக, கிளையன்ட் வெளியூரில், வேலை திரையிலேயே முடிகிறது என்றால் லிங்க்ட்இன்ல நேரம் செலவிடலாம். செய்த வேலையின் மாதிரிகளையும் அங்கே வையுங்கள். கிளையன்ட் நாலு தெரு தள்ளி இருக்கிறார் என்றால், அது பெயரைக் கேள்விப்பட்டவர் வந்து சரிபார்க்கும் இடம், அவ்ளோதான். பக்கத்தை ஒழுங்காக வைத்துவிட்டு, பழைய கிளையன்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

எந்தப் பக்கம் என்று சந்தேகமா? கடைசியாக வந்த ஐந்து கிளையன்ட்கள் யார் மூலம் வந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பதில் அதிலேயே இருக்கும்.