பூத்த பிறகு காயவிடாதீர்கள்

குமரி எல்லையிலுள்ள பனச்சமூட்டுக் கடைகளில் விற்கும் சோயா உருண்டைக்கான பயிர் நம் பக்கத்தில் விளைவதில்லை. நாட்டின் சோயா விளைச்சலில் பெரும்பங்கு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் மாநிலங்களின் கரிசல் காட்டிலிருந்து வருகிறது. பெரும்பாலும் மழையை நம்பிய மானாவாரிச் சாகுபடி. நமக்கு ரப்பர், மரச்சீனி, வாழை. ஆனாலும் நெல் அறுத்த ஏலாவில் (வயல்வெளியில்) சோயாவை ஒருமுறை போட்டுப் பார்க்க நினைக்கும் விவசாயி, அதன் தண்ணீர்க் கணக்கை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு போகத்துக்கு 450 முதல் 700 மில்லிமீட்டர் வரை நீர் தேவை. அதைச் சரிசமமாகப் பிரித்துக் கொடுப்பதில் பயனில்லை. விதை தன் எடையில் பாதியளவு நீரை உறிஞ்சினால்தான் முளைக்கும். அதனால் விதைத்ததும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதன்பின் பூக்கும்வரை செடி சிறு வாட்டத்தைத் தாங்கும். அந்தப் பருவத்தில் தண்ணீரை வாரிக் கொடுத்தால் தண்டு நெடுநெடுவென வளர்ந்து சாயும், மகசூல் கூடாது.

பூவெடுத்ததும் நிலைமை மாறுகிறது. நல்ல ஈரத்திலேயே பூக்களில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். வறட்சி வந்தால் பிஞ்சுகளும் கொட்டும். மணி பிடிக்கும் நேரத்தில் காய்ந்தால் பருப்பு சிறுத்துவிடும். ரகங்கள் வேறுபடுவது இங்கேதான். நுனி வளர்ந்துகொண்டே நெடுநாள் பூக்கும் ரகம், ஒரு வாரம் காய்ந்தாலும் அடுத்த கணுவில் பூத்து ஓரளவு ஈடுகட்டும். பூவோடு நுனி வளர்ச்சியை முடித்துக்கொள்ளும் ரகத்துக்கு அந்த வாய்ப்பு குறைவு. 85, 90 நாளில் முடியும் கோ 3 போன்ற குறுகிய காலப் பயிருக்கு மொத்த நீர் குறைவாகப் போதும். ஆனால் தவறிய தண்ணீரை ஈடுசெய்ய நாளும் இருக்காது.

செடியைப் பிடுங்கி வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது என்று பொருள். மண் காய்ந்தால் இலை வாடுவதற்கு முன்பே அந்த வேலை தளர்கிறது. தண்ணீர் தேங்கினாலும் அதே கதிதான். முடிச்சுக்குப் பிராணவாயு கிடைக்காது. ஆகவே ஏலாவில் வடிகால் வெட்டாமல் சோயா விதைக்கவே கூடாது என்பேன்.

விளைப்புறங்களின் (மேட்டுத் தோட்டங்களின்) சரல் மண்ணில் ஈரம் நெடுநாள் நிற்காது. கோடையில் சானல் தண்ணீர் இல்லாமல் காய் பிடிக்கும் பருவத்தைக் கடப்பது சிரமம். நெய்யாறு இடதுகரைச் சானலிலோ விளவங்கோடு வட்டத்துக்கு 2004 முதல் கேரளத்திலிருந்து தண்ணீர் வருவது நின்றுபோனது; அதற்காகத் தமிழகம் 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கிணறோ குளமோ கைவசம் உள்ளவர்கள் மட்டும் சில சென்டில் முதலில் போட்டுப் பாருங்கள். ரகத்தைத் தேர்வதற்கு முன் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். இருக்கும் தண்ணீர் குறைவென்றால், அதைப் பூவுக்கும் காய்க்கும் ஒதுக்கி வையுங்கள்.