பழைய புத்தகம் விற்கலாம். நகல் புத்தகம் விற்கலாமா?

பெங்களூர் மைசூர் பாங்க் சதுக்கத்திலிருந்து கே.ஆர். மார்க்கெட் நோக்கிச் செல்லும் அவென்யூ ரோடு, பழைய புத்தகங்களுக்குப் பேர் போனது. போன வருஷத்துப் பாடநூலை விற்றுவிட்டு அடுத்த வகுப்புக்கு வாங்கிச் செல்லும் பெற்றோருக்கு இது பெரிய உதவி.

இந்த வியாபாரத்தில் சட்ட விரோதம் ஏதுமில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பிரதி எடுக்கும் உரிமை நூலின் உரிமையாளருக்கே உண்டு. ஆனால் முறைப்படி அச்சாகி ஒரு முறை விற்பனையான பிரதி, வாங்கியவரின் சொத்து. அதை அவர் விற்கலாம். கடைக்காரரும் மறுபடி விற்கலாம்.

வம்பு வருவது வேறு சரக்கில். அட்டை புத்தம் புதிது. உள்ளே எழுத்து மங்கல், காகிதம் மட்டம். விலையோ அசல் விலையில் மூன்றில் ஒரு பங்கு. இது திருட்டுப் பதிப்பு. “நானும் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்” என்று விற்பவர் சொல்லலாம். அந்த வாதம் எடுபடாது. அச்சிடுவது மட்டுமல்ல, விற்பதும், விற்பனைக்கு வைப்பதும் உரிமை மீறலே. தெரிந்தே செய்தால் 63வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். சப்-இன்ஸ்பெக்டர் வாரண்ட் இல்லாமலே சரக்கைப் பறிமுதல் செய்யலாம். இது ஜாமீனில் விடமுடியாத குற்றம் என்று 2022இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதாவது, ஸ்டேஷனிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்ப முடியாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அச்சிட்ட முதலாளி எங்கோ இருப்பார். சரக்கோடு அகப்படுகிறவர் தினக்கூலிக்குக் கடையில் உட்கார்ந்த ஆள்தான்!

பாட்டும் படமும் இதே கணக்குத்தான். பாடல்களை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்துக் காசு வாங்குவதும், நாவலின் பி.டி.எஃப். கோப்பை வாட்ஸ்அப்பில் பத்து ரூபாய்க்கு விற்பதும் நகல் வியாபாரமே. கர்நாடகத்தில் 1985ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டமும் இதில் பாயக்கூடும். 2014ஆம் ஆண்டுத் திருத்தம், வியாபாரத்துக்காகப் பதிப்புரிமையை மீறும் டிஜிட்டல் குற்றவாளிகளையும் அதில் சேர்த்தது. அதன்படி விசாரணையின்றி ஓராண்டு வரை காவலில் வைக்கலாம். பத்து ரூபாய் வியாபாரத்துக்கு இத்தனை பெரிய தண்டமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கக்கூடிய நூல்களும் தமிழில் நிறையவே இருக்கின்றன. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கியது. பின்னர் அவை மக்களுக்கே பொதுவாயின. கல்கியின் எழுத்துக்களைத் தமிழக அரசு 1999இல் நாட்டுடைமையாக்கியது. ‘பொன்னியின் செல்வன்’ இத்தனை பதிப்பகங்களின் பெயரில் கிடைப்பது இதனால்தான். மற்ற ஆசிரியர்களின் நூல்களுக்கு, அவர்கள் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. கல்கியின் கதைதான் பொதுச் சொத்து. அதற்குப் பிறர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு அப்படியல்ல. அதை நகலெடுத்து விற்றால் மொழிபெயர்ப்பின் உரிமையாளர் வழக்குப் போடலாம்.